விடுப்பு யார் கையில்?

1922 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசின் அடிப்படை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 67ஆம் விதி ஊழியருக்குச் சொல்வது இதுதான்: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, அலுவல் தேவை என்றால் எந்த வகை விடுப்பையும் மறுக்கலாம், கொடுத்த விடுப்பையும் ரத்து செய்யலாம், அது அதிகாரியின் விருப்புரிமை. நூறாண்டு கடந்த பின்னும் அரசு அலுவலகங்களில் அந்த விதி உயிரோடு இருக்கிறது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் வேறு குரலில் பேசியது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில், உழைத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில், சம்பளத்துடன் விடுப்பு கொடுக்கப்பட வேண்டும் என்றது அதன் 79ஆம் பிரிவு. முதலாவது, எசமான் தன் சேவகனிடம் பேசும் மொழி. இரண்டாவது, குடியரசாகப் போகிற ஒரு நாடு தன் தொழிலாளியிடம் பேசிய மொழி.

தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது 1948இன் குரலில் பேசும் சட்டங்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் நிலவுவது 1922இன் மனப்போக்கு. சி.எல். எத்தனை, ஈ.எல். எத்தனை மிச்சம் என்று கணினித் திரை துல்லியமாகக் காட்டும். அப்படியிருந்தும் "சார், வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணும்" என்று கேட்கப் போகிறவர் கடன் கேட்கப் போகிறவரின் முகத்தோடுதான் போகிறார். "இப்பவா? ரிலீஸ் முடியட்டுமே" என்றோ "ஆடிட் வருதே" என்றோ பதில் வரும். திரையில் உள்ள எண் மாறுவதில்லை, அவர் ஓய்வெடுப்பதுமில்லை.

பணியிட மன அழுத்தம் பற்றிப் பேசும்போது விடுப்பு நாட்களின் எண்ணிக்கையைப் பற்றியே நாம் அதிகம் வாதிடுகிறோம். பன்னிரண்டு போதுமா, இருபது வேண்டுமா என்கிறோம். என் பார்வையில் எண்ணிக்கை இரண்டாவது கேள்வி. எந்த நாளில் ஓய்வு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. அழுத்தம் பற்றிய அரை நூற்றாண்டு ஆய்வும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த தெரு வைட்ஹால். அங்கே வேலை பார்த்த ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு அந்தத் தெருவின் பெயராலேயே அறியப்படுகிறது. பெரிய அதிகாரிக்குத்தான் பொறுப்பு அதிகம், கவலை அதிகம், ஆகவே மாரடைப்பும் அவருக்குத்தான் அதிகம் என்று அதுவரை பலரும் நம்பினார்கள். ஆய்வு காட்டியது நேர் எதிரானது. அடிமட்டப் பதவியில் இருந்த ஆண்கள் இதய நோயால் இறந்த வீதம் உச்சத்தில் இருந்தவர்களைப் போலச் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் பெண்களையும் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, விடையின் பெரிய பகுதி வேலையின் மீதான பிடியில் இருப்பதாகக் காட்டியது. எதை எப்போது எந்த வரிசையில் செய்வது என்பதில் தனக்கு வாய்ப்பே இல்லாதவருக்கு இதய நோய் கூடுதலாக வந்தது.

இதற்கு முன்பே, 1979இல், அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் ஸ்வீடன், அமெரிக்க நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஒரு சட்டகம் அமைத்திருந்தார். வேலை கேட்கும் உழைப்பு ஒரு புறம். அந்த வேலையில் முடிவெடுக்கும் சுதந்திரம் மறுபுறம். இரண்டும் அதிகமாக இருந்தால் அந்த வேலை களைப்பைத் தரும், ஆனால் மனிதரை வளர்க்கவும் செய்யும். உழைப்பு அதிகமாகவும் சுதந்திரம் குறைவாகவும் இருக்கும் வேலையே ஆளை அரிக்கிறது. ஜெர்மனியில் பணியாற்றிய யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொரு தராசை வைத்தார்: கொடுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் ஊதியம், மதிப்பு, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. தமிழ்நாட்டு வேலையிடங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் பயன்படுகின்றன.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடிவது அங்கே 'ஒன்றரை ஷிப்ட்'. கப்பல் தேதி நெருங்கினால் அதற்கு மேலும் போகும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு லீவு என்பது அந்த வாரச் சனிக்கிழமைக் கூலியில் விழும் ஓட்டை. அவருடைய எந்திரத்தின் வேகத்தை லைனில் அவருக்கு முன்னால் இருப்பவரும் சூப்பர்வைசரும் வெளிநாட்டு வாங்குநரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். அவர் தீர்மானிப்பதற்கென்று மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை. கராசெக்கின் சட்டகத்தில் மிக மோசமான மூலை என்று எதைச் சொல்வோமோ அந்த மூலை அது.

தி. நகர் ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களின் நிலையும் அதற்குப் பக்கத்தில் உள்ளது. அந்த வாழ்க்கையைக் காட்டிய 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது பலருக்கு அது கற்பனை போலத் தோன்றியது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: வேலை செய்பவர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை வசதி வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். கேரளம் அதை 2018லேயே செய்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. கால் வலிக்கும்போது உட்காரலாமா என்பதைக்கூடத் தான் முடிவு செய்ய முடியாத நிலை உடம்பை என்ன செய்யும் என்று வைட்ஹால் முடிவுகளைப் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இனி சட்டம் உண்மையில் என்ன தருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் கடை, ஓட்டல், தனியார் அலுவலகம், மென்பொருள் நிறுவனம் என்று தொழிற்சாலை அல்லாத பெரும்பாலான இடங்களுக்கு 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 25ஆம் பிரிவு மூன்று வகை ஓய்வைப் பிரித்துச் சொல்கிறது. ஓராண்டுத் தொடர் பணி முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். நோய்க்கோ விபத்துக்கோ 12 நாள். நியாயமான வேறு எந்தக் காரணத்துக்காகவும் தற்செயல் விடுப்பு 12 நாள். பின்னுள்ள இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உண்டு. "புரொபேஷன் முடியும்வரை லீவே கிடையாது" என்று புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் சொல்லும் நிறுவனங்கள் இந்தப் பிரிவைப் படித்ததில்லை. அல்லது அந்த இளைஞர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கின்றன.

இவற்றுக்கு வெளியே பண்டிகை விடுமுறைகளுக்கென்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்கள், மொத்தம் ஒன்பது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி, அல்லது கூலியோடு வேறொரு நாள் விடுமுறை. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். பின்னாளில் அந்த நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகச் சட்டத்தில் ஏறியது. வாக்குப்பதிவு நாளுக்கும் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தருகிறது.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் கையில் வராமல் போவதற்கு இரண்டு வழிகள் நன்கு பழகிப்போனவை.

முதலாவது பதவிப் பெயர். 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் 'மேனேஜர்' ஆகிவிடும் காலம் இது. பெயர் எதுவாக இருந்தாலும் அவர் செய்யும் வேலையின் தன்மையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆனால் அதற்கு அவர் நீதிமன்றம் வரை போக வேண்டும். மென்பொருள் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அதற்குப் பின்னும் ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் தனி ஆளாக மனிதவளத் துறையின் முன் நிற்பதே வழக்கமாக இருக்கிறது.

இரண்டாவது வழி தொடர்ச்சியை அறுப்பது. 240 நாள் என்ற கணக்கு இருந்த இடத்தில், அதற்கு முன் ஆளை நிறுத்தி மீண்டும் எடுப்பதும், ஒப்பந்ததாரர் பெயரை மாற்றிப் புதிய ஆளாகப் பதிவதும் முதலாளிக்கு லாபமாயின. ஒரே ஆலை, ஒரே எந்திரம், ஒரே ஆள். ஏட்டில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு புதுப் பிறவி. விடுப்பு ஈட்டுவதற்குத் தேவையான காலம் அவருக்குச் சேர்வதே இல்லை. இதைச் செய்யும் இடங்களில் வேலை அழுத்தத்தைக் குறைக்க யோகா வகுப்பும் நடக்கும் என்பது தனிக் கதை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. 240 நாள் அங்கே 180 ஆகக் குறைந்திருக்கிறது. இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற வீதம் மாறவில்லை. 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதும் அப்படியே. 180 என்பது உண்மையான முன்னேற்றம். ஆறே மாதத்தில் ஆளை மாற்றுவது ஆலைக்குச் சிரமம், பழகிய கை போய்விடும். ஆனால் இந்தத் தொகுப்பின் 'தொழிலாளர்' வரையறை, மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரை வெளியே நிறுத்துகிறது. விடுப்பைப் பொறுத்தவரை பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் அப்படி ஒரு சம்பள வேலி இருந்ததில்லை. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்திருக்கிறார்கள்.

பழைய சட்டத்திலிருந்து புதியதற்கும் வந்திருக்கும் ஒரு விதியை எல்லாத் தொழிலாளர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்ட விடுப்பு மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்ட நாட்களை எந்த வரம்பும் இன்றி அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். முப்பது நாள் உச்சவரம்பு அதற்குக் கிடையாது. ஆனால் கேட்டதற்கும் மறுத்ததற்கும் தடயம் வேண்டும். நம்மூரில் விடுப்பு பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்கப்பட்டு, தலையசைப்பில் மறுக்கப்படுகிறது. ஒரு குறுஞ்செய்தி, ஒரு மின்னஞ்சல், தேதியிட்ட ஒரு துண்டுத்தாள் இருந்தால் போதும், அந்தத் தலையசைப்பு சட்டத்தின் முன் ஒரு மறுப்பாகிவிடும்.

மன அழுத்தத்துக்கு வருவோம். வேலையால் நொந்துபோன ஒருவர் எந்தக் கணக்கில் விடுப்பு எடுப்பார்? "எனக்கு மனசு சரியில்லை, இரண்டு நாள் வீட்டில் இருக்கிறேன்" என்று எழுதி அனுப்பும் துணிச்சல் அரிது. ஆகவே காய்ச்சல் வருகிறது. வயிற்றுப்போக்கு வருகிறது. ஏற்கெனவே மறைந்த பாட்டி இன்னொரு முறை மறைகிறார். ஊரெல்லாம் சிரிக்கும் நகைச்சுவை இது. ஆனால் விளைவு நகைச்சுவை அல்ல. ஓய்வெடுக்க வீட்டில் படுத்திருப்பவர் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். அன்று மாலை கோயிலுக்கோ கடற்கரைக்கோ போக முடியாது, யாராவது பார்த்துவிடுவார்கள். நிறுவனத்துக்கும் நட்டம்தான். எந்தப் பிரிவில் எந்த மேலாளரின் கீழ் ஆட்கள் உடைந்துபோகிறார்கள் என்ற உண்மை, வயிற்றுப்போக்குக் கணக்கில் மறைந்துவிடுகிறது.

சட்டமும் இந்த வேடத்துக்குத் துணைபோகிறது. தொழிலால் வரும் நோய்கள் என்று அரசுக்கு அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஈய நச்சு, சிலிக்கோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ், இரைச்சலால் கேட்கும் திறன் குறைதல் எல்லாம் இருக்கின்றன. மனம் சார்ந்த எதுவும் அதில் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன்னுடைய தொழில்நோய்ப் பட்டியலில் மனநலக் கோளாறுகளை 2010லேயே சேர்த்துவிட்டது. உலகச் சுகாதார அமைப்பு 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், வேலையில் முற்றாகச் சோர்ந்துபோகும் 'பர்ன்அவுட்' நிலையைப் பணி சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. நோய் இல்லை என்பதால் மருத்துவர் சான்றிதழ் எழுத முடியாது; பணி சார்ந்தது என்பதால் முதலாளி பொறுப்பேற்க வேண்டும். நடைமுறையில் இரண்டில் ஒன்றும் நடப்பதில்லை.

இந்தச் சூழலில் ஓரளவு பிடிமானம் தருவது தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் அது 1955இல் கோவையில் தொடங்கியது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25. மருந்து வாங்கும் இடமாக மட்டுமே பலர் அதைப் பார்க்கிறார்கள். அதன் நோய்க்காலப் பணப்பயன் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிய நாட்களுக்கு அன்றாடச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். அந்தப் பணப்பயன் பெறும் காலத்தில் ஆளை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று, தொகுப்புச் சட்டங்களுக்கு முன்பிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்தது. வேலை போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் தெரிந்திருக்க வேண்டிய முதல் வரி அது.

நீண்டகால நோய்களுக்கு உள்ள நீட்டித்த பணப்பயனில் 34 நோய்கள் இருக்கின்றன. காசநோய், புற்றுநோய் வரிசையில் மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அதில் உண்டு. இரண்டாண்டு பணித் தொடர்ச்சி உள்ளவருக்கு 80 விழுக்காடு ஊதியத்தில், இரண்டாண்டு வரைகூட அது நீளலாம். அதாவது ஆள் முழுதாக உடைந்த பிறகு தாங்கிப்பிடிக்க ஏற்பாடு இருக்கிறது. உடையாமல் இருக்க மூன்று நாள் ஓய்வு கேட்கும்போதுதான் ஏற்பாடு ஒன்றும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்த வேண்டும் என்கிறது. அந்த இணை, விடுப்பு விண்ணப்பத்தின் 'காரணம்' என்ற கட்டம் வரை இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றுகிறவர் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம்; 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசுவார்கள்.

மகப்பேறு விடுப்பு ஒன்றுதான் நம் சட்டங்களில் மறுக்க முடியாத குரலில் எழுதப்பட்டது. 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு தருகிறது. 2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போது விடுப்பு என்பதை இங்கே மேலாளர் ஒத்திப்போட முடியாது. அந்த ஒரு வேறுபாடே போதும், மற்ற விடுப்புகள் எல்லாம் எவ்வளவு பலவீனமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று காட்ட.

விடுப்பு கிடைத்துவிட்டால் அழுத்தம் தீர்ந்துவிடுமா? இங்கே ஆய்வுகள் கொஞ்சம் சங்கடமான பதிலைச் சொல்கின்றன. இஸ்ரேலைச் சேர்ந்த மினா வெஸ்ட்மனும் டோவ் ஈடனும் அலுவலக ஊழியர்களிடம் விடுமுறைக்கு முன்னும் பின்னும் சோர்வை அளந்து 1997இல் வெளியிட்டார்கள். விடுமுறையில் சோர்வு நன்றாகக் குறைந்தது. திரும்பி வந்த மூன்றாம் வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. பின்வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்லின. மறுபுறம் 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இதய நோய் ஆபத்தில் இருந்த 12,000க்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை ஒன்பது ஆண்டு கவனித்தது. ஆண்டுதோறும் தவறாமல் விடுமுறை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எப்போதோ ஒருமுறை எடுக்கும் நீண்ட விடுப்பைவிடத் திரும்பத் திரும்ப வரும் ஓய்வே காக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு மாதம் கசக்கிப் பிழிந்துவிட்டு ஒரு வாரம் ஊட்டிக்கு அனுப்புவதால் பயனில்லை.

அந்த ஒரு வாரத்திலும் கைபேசி கூடவே போகிறது. வேலை நேரத்துக்கு வெளியே மனம் வேலையிலிருந்து முழுதாகக் கழன்று நிற்பதுதான் மீட்சியின் முக்கிய பகுதி என்று ஜெர்மன் உளவியலாளர் சபீன சொனென்டாக் இரண்டு பத்தாண்டுக்கும் மேலாகக் காட்டி வருகிறார். குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் "ஒரே ஒரு ஃபைல் மட்டும்" என்ற வாட்ஸ்அப் செய்திக்காகத் தென்னந்தோப்பில் சிக்னல் தேடும்போது கழல்வதற்கு ஏது வழி? வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்ஸில் 2017இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவில் 2024இல். இந்தியாவில் அது மக்களவையில் தனிநபர் மசோதாவாக அறிமுகமானதற்கு மேல் நகரவில்லை.

வேலை நேரமே வரம்பு மீறியிருக்கும் இடத்தில் விடுப்பைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று உலகச் சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் மிகைநேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 54 மணி நேரம் என்று 1947லேயே கோடு போட்டிருந்தது ஓர் அதிசயப் பொருத்தம். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் இடைவேளையைக் கழித்த பிறகும் 60 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறார். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அன்று சங்கங்கள் கேட்ட கேள்வி எளிமையானது: வேலை கொடுப்பவர் எதிரே நிற்கும்போது 'விரும்புகிறவர்' என்பவர் யார்?

அதே கேள்வி இப்போது விடுப்பைக் காசாக்கும் விதியில் வந்து நிற்கிறது. அரசு அலுவலகங்களில் ஈட்டிய விடுப்பைச் 'சரண்டர்' செய்வது நெடுநாள் வழக்கம். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட 15 நாள் சரண்டர் 2025 அக்டோபர் முதல் மீண்டும் வந்தபோது ஊழியர்கள் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சி. புதிய தொகுப்புச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளிக்கும் ஆண்டு முடிவில் விடுப்பைப் பணமாகக் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை இதற்கு நேர்மாறு: குறைந்தபட்ச நான்கு வார விடுப்பை, வேலையை விட்டு விலகும்போது தவிர, பணமாக மாற்றக் கூடாது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போனது. அதிக வேலையால் சாவதைக் 'கரோஷி' என்று அழைக்கும் நாடு அது; அங்கே சட்டம் தந்த விடுப்பில் பாதியைக்கூட ஊழியர்கள் எடுக்காமல் இருந்தார்கள். 2019 ஏப்ரலிலிருந்து, பத்து நாளோ அதற்கு மேலோ விடுப்பு உரிமை உள்ள ஒவ்வொருவரும் ஐந்து நாளையாவது எடுக்கும்படி செய்வது முதலாளியின் கடமை. தவறினால் ஓர் ஆளுக்கு மூன்று லட்சம் யென் வரை அபராதம். விடுப்பு எடுக்கும் வீதம் சில ஆண்டுகளில் அறுபது விழுக்காட்டைத் தாண்டியது.

திருப்பூர் தையற்காரரிடம் காசா, ஓய்வா என்று கேட்டால் காசு என்பார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவரிடம் வேறு விடையை எதிர்பார்ப்பது வசதியுள்ளவர்களின் புத்திமதியாகிவிடும். அவருடைய வாரக் கூலி ஒன்றரை ஷிப்ட் இல்லாமல் வீட்டுச் செலவுக்குப் போதாத வரை, பணமாக்கும் உரிமை உண்மையில் ஓய்வைக் கைவிடும் கட்டாயம்தான். ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் முழுக்க எந்திரங்கள் நிற்கும். மதுரை, தேனிப் பக்கத்து ஆட்களும் பீகார், ஒடிசா ஆட்களும் ஊருக்குப் போவார்கள். பண்டிகை விடுமுறை போக மிச்ச நாட்களில் பீஸ் ரேட் ஆளுக்கு வருமானம் இல்லை. அந்த நாட்களில் ஐந்தையாவது ஈட்டிய விடுப்பாகக் கணக்கிட்டு முன்கூட்டியே கூலி கொடுத்து அனுப்புவது என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். எந்திரம் எப்படியும் ஓடப்போவதில்லை, கப்பல் தேதியும் தவறாது. யாரும் யாரிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவும் வேண்டியிருக்காது.